புதர்க்காட்டின் பக்கம் நின்று

"அந்தப் புதரையெல்லாம் முன்னாலேயே வெட்டி எறிந்திருந்தால் இத்தனை வீடுகள் போயிருக்காது." 2025 பொங்கலன்று என் மாமா சொன்னது இது. லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்துகொண்டிருந்த வாரம். சிங்கப்பூரின் ஜூரோங்கில் மாமாவின் வீவக அடுக்குமாடி வீட்டில் நாங்கள் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து தொலைக்காட்சியைப் போட்டால், பசிபிக் பாலிசேட்ஸ் மலைச்சரிவில் தீ இறங்கும் படம் திரும்பத் திரும்ப வந்தது. அறையில் இருந்த எல்லோரும் மாமா சொன்னதற்குத் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வார்கள்? மாமா தீயணைப்பு வீரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1989இல் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைவதற்கு முன்பே அதில் சேர்ந்தவர். நெருப்பைப் பற்றி அவர் பேசினால் எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

எனக்கு மட்டும் அந்த வாக்கியம் மனத்தில் தங்கிவிட்டது. மாமாவிடம் கோபம் ஒன்றும் இல்லை. புதர் என்றால் வேண்டாதது, மரம் என்றால் வேண்டியது என்ற எண்ணம் நமக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதுதான் உறுத்தியது. ஊரில் நிலப் பத்திரத்தில் தரிசு என்று எழுதிவிட்டால் அந்த நிலத்துக்கு எது வேண்டுமானாலும் செய்யலாம். சிங்கப்பூரில் ஒரு மரத்தை வெட்டினால் நாளிதழுக்குக் கடிதம் எழுதுகிறோம். ஒரு சரிவு நிறைய இருக்கும் புதரை ஒரே காலையில் வழித்து எடுத்தால், இடம் சுத்தமாகிவிட்டது என்கிறோம். 2021இல் டோவர் காட்டைக் காக்க வேண்டும் என்று இங்கே பலர் குரல் கொடுத்தார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு புதர்ச்சரிவுக்காக யாரும் மனுப் போட்டு நான் பார்த்ததில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் மலைகளில் இருப்பது சாப்பரல் என்னும் புதர்க்காடு. ஆளுயரத்துக்கும் சற்று மேலே வளரும், தடித்த சிறு இலைகள் கொண்ட, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் செடிகள். சமீஸ், மன்சனீட்டா, சியனோத்தஸ் என்று பெயர்கள். குளிர்காலத்தில் மழை, கோடையில் மாதக்கணக்கில் வறட்சி. 2025 ஜனவரி 7 அன்று தீ கிளம்பியபோது அங்கே பல மாதங்களாக நல்ல மழையே இல்லை. பாலைவனப் பக்கத்திலிருந்து கடலை நோக்கி வீசும் சாண்டா ஆனா காற்று புயல் வேகத்தில் அடித்தது. பாலிசேட்ஸ், ஈட்டன் ஆகிய இரண்டு தீகளில் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஆல்டடீனாவில் எடுத்த படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, தெருவோர மரங்கள் பல பச்சையாக நின்றன. காற்று அள்ளி வந்த தீக்கங்குகள் கூரை இடுக்கிலும் காற்றோட்டத் துளையிலும் புகுந்து வீட்டைப் பற்றின. எரியும் வீடு அடுத்த வீட்டைப் பற்றியது. தீ தொடங்கியது மலையில் என்றாலும், நகரத் தெருக்களுக்குள் அதற்கு எரிபொருளானவை பெரும்பாலும் வீடுகளே.

சரி, வெட்டியே எறிந்திருந்தால்? அதற்கும் அந்த மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. 2017 டிசம்பரில் தாமஸ் தீ சாண்டா பார்பரா பக்கத்து மலைகளை மொட்டையாக்கியது. அடுத்த மாதம், 2018 ஜனவரி 9 அன்று, கனமழை பெய்தது. பிடித்து வைக்க வேரும் இலையும் இல்லாத சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் மான்டெசிட்டோ ஊருக்குள் இறங்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்குத்தான அந்த மலைகளை இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது, நாம் வெட்டி எறியச் சொல்லும் அந்தப் புதர்தான்.

கண்ணாடிக்குள் ஐந்து நாடு

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த நிலங்களைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் உண்டு. கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோம் என்னும் குளிரூட்டிய கண்ணாடிக் கூடம். 2012இல் திறந்தது. உறவினர் யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போகிறோம். துலிப் மலர்களுக்கும் செர்ரிப் பூக்களுக்கும் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுக்கிறோம். அந்தக் கூடத்தின் ஓரப் பகுதிகளில் கலிபோர்னியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா, மத்தியதரைக் கடற்கரை என்று தனித்தனித் தோட்டங்கள் உள்ளன. குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியுமான மத்தியதரைத் தட்பவெப்பம் கொண்ட, உலகின் ஐந்து பகுதிகள் அவை. பூமியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் அந்த ஐந்தும் சேர்ந்து. தாவர இனங்களிலோ ஐந்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. அதில் பெரும்பகுதி புதர். மழைக்காடுதான் உயிர்வளத்தின் உச்சம் என்று பள்ளியில் படித்துவிட்டு, வெப்பமண்டலத்தின் நடுவில் வாழும் நமக்கு இந்தக் கணக்கு உடனே மனத்தில் ஏறுவதில்லை.

ஆஸ்திரேலியத் தோட்டத்தில் புல்மரங்கள் நிற்கின்றன. தடித்த தண்டு, உச்சியில் நீண்ட ஊசிப் புல் கற்றை. அந்தத் தண்டு மரக்கட்டையாக இருப்பதில்லை. உதிர்ந்த இலைகளின் அடிப்பகுதிகள் பிசினோடு ஒன்றின்மேல் ஒன்று இறுகி ஆனது. சொந்த மண்ணில் அவற்றின் தண்டு பெரும்பாலும் கரிபிடித்துக் கறுத்திருக்கும். தீ கடந்து போன பிறகுதான் அவை கூட்டமாகப் பூத்து நீண்ட கதிரை உயர்த்தும். தென்னாப்பிரிக்கத் தோட்டத்தில் ராஜ புரோட்டியா. கைகளை விரித்து ஏந்த வேண்டிய அளவுக்குப் பெரிய பூ. மேலே எல்லாம் எரிந்துபோனாலும் மண்ணுக்குள் இருக்கும் தடித்த அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். அதன் உறவினச் செடிகள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. தீயில் செத்துப்போகும். சாவதற்கு முன் ஆண்டுக்கணக்காக விதைகளை மூடிய பூத்தலைகளுக்குள் சேமித்து வைத்திருக்கும். செடி எரிந்து காய்ந்ததும் அவை திறந்து விதையைக் கொட்டும்.

இதைக் கண்ணால் பார்த்தது என் தங்கை வீட்டில். அவள் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கிறாள். அவளுடைய சமையலறை மேசையில் பேங்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியின் காய்க்கூம்பு ஒன்று கிடந்தது. கையில் எடுத்தால் கல்லைப் போன்ற கனம். மேலே பழுப்பு நிறத்தில் கம்பளி மயிர். அதற்குள்ளிருந்து இறுக மூடிய உதடுகளாக ஒவ்வொரு காயும் துருத்திக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன்; கத்தி முனையால் நெம்பினேன்; அசையவில்லை. தங்கை அதை அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சூடேற்றினாள். சற்று நேரத்தில் உள்ளே படக், படக் என்று சத்தம். எடுத்துப் பார்த்தால் உதடுகள் பிளந்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கறுப்பு இறகு கொண்ட இரண்டு விதைகள், நடுவில் மரத்தாலான ஒரு தடுப்பு. ஆனால் விதை விழவில்லை. கூம்பைத் தண்ணீரில் நனைத்து, காய வைத்து, மறுபடி நனைத்துக் காய வைத்தாள். நனையும்போதும் காயும்போதும் மாறி மாறி அசைந்து அந்தத் தடுப்பு விதைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. தீ திறக்கும், மழைதான் விதையை விடுவிக்கும். சுடுசாம்பலில் விழுந்து வீணாகாமல், முதல் மழை நனைத்த மண்ணில் போய் விழ இப்படி ஓர் ஏற்பாடு. எத்தனை எத்தனை தீக்களுக்குப் பிறகு ஒரு செடி இந்தப் பொறுமையைக் கற்றிருக்கும்!

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் உள்ள ஃபின்போஸ் புதர்க்காட்டில் இன்னும் பல வழிகள். சுமார் 9,000 தாவர இனங்கள் வாழும் நிலம் அது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்கும் இல்லை. சில செடிகளின் விதையில் சிறு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப் போகும். கொழுப்பைத் தின்றுவிட்டு விதையை மண்ணுக்கடியில் விட்டுவிடும். தீயின் சூடு எட்டியும் எட்டாமலும் இருக்கும் ஆழத்தில் அந்த விதை பல ஆண்டுகள் காத்திருக்கும். அர்ஜென்டீன எறும்பு அங்கே குடியேறிய இடங்களில் இந்த ஒப்பந்தம் முறிகிறது. புதிய எறும்பு கொழுப்பை மட்டும் தின்றுவிட்டு விதையை மேலேயே போட்டுவிடுகிறது. எலியும் தீயும் அதை முடித்துவிடுகின்றன. 1990இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். சூடே இல்லாமல், வெறும் புகை பட்டாலே முளைக்கும் விதைகள் உண்டு. புகையில் அந்த வேலையைச் செய்யும் ஒரு வேதிப்பொருளைப் பெர்த் ஆய்வாளர்கள் 2004இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஃபிளவர் டோம் கண்ணாடிக்குள் இதில் எதுவும் நடக்காது. அங்கே எப்போதும் 23 முதல் 25 டிகிரி, முடிவில்லாத இளவேனில். கோடை வராது, தீயும் வராது. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்குப் பின்னால் ஒரு தீ இருக்கிறது. சிங்கப்பூரின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் வெட்டிய கிளைகளை ஒரு கொதிகலனில் எரித்துக் கிடைக்கும் ஆற்றலையும் கொண்டுதான் அந்தக் கூடங்களைக் குளிர்விக்கிறார்கள். இதை முதலில் அறிந்தபோது நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தீயோடு வளர்ந்த செடிகள் இந்த ஊர் மரங்கள் எரியும் தீயால் உயிரோடு இருக்கின்றன.

இந்த ஐந்து தோட்டங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் போனால் பேச்சு ஒருபக்கமாகிவிடும். சிலி நாட்டுப் புதர்க்காடும் பார்வைக்குக் கலிபோர்னியாவைப் போலவே இருக்கும். மின்னலோடு வரும் கோடைப் புயல்களை ஆண்டிஸ் மலை தடுத்துவிடுவதால் அங்கே இயற்கைத் தீ மிக அரிது. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் தீயோடு உறவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பின்னால் சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜ் சரிவில் எனக்கு உதவிய செய்தி இதுதான்.

தண்ணீர்க் கணக்கு

மரம் நட்டால் மழை வரும், நீர் பெருகும் என்று நாம் கேட்டே வளர்ந்தவர்கள். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்பாஷ் அருகே யோங்கர்ஸ்ஹூக் பள்ளத்தாக்கில் 1930-களில் தொடங்கி ஓடைகளை அளந்தார்கள். புதர் இருந்த சரிவில் பைன் மரங்களை நட்டு, மரம் வளர வளர ஓடையில் வரும் நீரைக் கணக்கிட்டார்கள். நீர் குறைந்துகொண்டே போனது. குட்டைப் புதர் குடிப்பதைவிடப் பைன் அதிகம் குடிக்கிறது. மலையிலிருந்து நகரத்துக்கு வர வேண்டிய தண்ணீர் அது. தென்னாப்பிரிக்க அரசு 1995இல் தொடங்கிய திட்டம் ஒன்று, அயல் மரங்களை வெட்டித் தண்ணீரை மீட்பதையே வேலையாகக் கொண்டது. 2018இல் கேப் டவுன் குழாய்கள் வற்றப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது, மலையில் புதரை மீட்பது தண்ணீரை மீட்பது என்று அந்த நகரமே பேசியது. நீலகிரியில் புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்து யூகலிப்டஸும் வாட்டில் எனப்படும் சீகையும் நட்ட கதையும் இதுவே. அந்தப் புல்வெளிகளிலிருந்து கசிந்து வந்த ஓடைகளைப் பற்றி அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கெண்ட் ரிட்ஜ் சரிவு

மாமாவிடம் இவற்றையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறாய். நான் கையால் அடித்து அணைத்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் வா, காட்டுகிறேன்" என்றார். பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை, மழை நின்று சில நாட்கள் ஆகியிருந்தபோது, இருவரும் கெண்ட் ரிட்ஜ் பூங்காவுக்குப் போனோம்.

கெண்ட் ரிட்ஜைப் பலரும் 1942 போருக்காக நினைவுகூர்கிறார்கள். செடிகளுக்காகப் போகிறவர்கள் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் பெரும்பகுதியில் கேம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். கேம்பியர் இலையைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி வரும் சாறு தோல் பதனிடவும் வெற்றிலைக்கும் போனது. காய்ச்ச விறகு வேண்டும். அதற்குச் சுற்றியிருந்த காட்டை வெட்டினார்கள். பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்து வற்றிவிடும். தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். கைவிட்ட மண்ணில் முதலில் லாலாங் புல் ஏறியது. பிறகு மெல்ல மெல்ல ஒரு புதர்க்காடு வந்தது. மலாய் மொழியில் பெலுக்கார். அமிலம் மிகுந்த, சத்தில்லாத, மழைக்காட்டு மரக்கன்றுகள் திணறும் மண்ணில் அது பிடித்து நின்றது. சிவந்த இளந்தளிர் விடும் தியுப்-தியுப் சிறுமரம் அதில் முதன்மை. ஆண்டு முழுவதும் பூக்கும். பூவுக்குக் கருவண்டுகள் வரும், பழத்துக்குப் பழந்தின்னி வௌவால்கள் வரும். ஊதா மலர் பூக்கும் செண்டுடோக், மஞ்சள் மலரும் பெரிய இலையுமாக சிம்போ ஆயிர், கொடியில் தொங்கும் சிறு குடுவைகளில் பூச்சி பிடிக்கும் நெபந்தஸ். நீலகிரிப் பக்கம் பிறந்தவர்கள் சற்றே நின்று பார்க்க வேண்டிய செடி ஒன்றும் உண்டு. குன்னூர்ச் சாலையில் கூறு கட்டி விற்பார்களே, தவிட்டுப்பழம், அதே செடிதான் இங்கே மலாய்க்காரர்கள் கெமுந்திங் என்று சொல்வது.

மாமா பாதையை விட்டு இரண்டடி இறங்கி ஒரு ரெசாம் புதர் முன்னால் நின்றார். சரிவு முழுவதையும் மூடியிருந்தது அந்தப் பெரணி. பார்க்க இளம்பச்சை, மென்மை. "இதைப் பார்" என்று சொல்லி, கைத்தடியை உள்ளே விட்டு மேல் இலைகளைத் தூக்கினார். அடியில் பச்சையே இல்லை. முழங்கால் உயரத்துக்கு மேல், காய்ந்த பழைய தண்டுகளும் இலைகளும் தரையைத் தொடாமல் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு பின்னிக் கிடந்தன. தரையில் விழுந்திருந்தால் ஈரத்தில் மக்கியிருக்கும். காற்றிலேயே நிற்பதால் மக்கவில்லை, காய்ந்திருந்தது. ஒரு தண்டை ஒடித்துக் கொடுத்தார். பளபளப்பான பழுப்பு, உள்ளே கம்பி மாதிரி ஒரு நரம்பு, ஒடியும்போது 'சட்' என்ற ஓசை. "மேலே நின்று பார்க்கிறவனுக்குப் பச்சைதான் தெரியும். தீ உள்ளுக்குள்ளேயே ஓடும். நாங்கள் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருப்போம், அது பத்தடி தள்ளி எழுந்து நிற்கும்" என்றார்.

நீண்ட கழியின் முனையில் தட்டையான ரப்பர் பட்டை வைத்த அடிகோலால்தான் அந்த நாட்களில் பெரும்பாலும் அடிப்பார்களாம். தண்ணீர்க் குழாய் எட்டாத சரிவுகள். புகையில் கண் திறக்க முடியாது. 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் ஏறக்குறைய மழையே இல்லாமல் போனது. அந்தப் பிப்ரவரி 1869-க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட மிக வறண்ட மாதம். "அந்த மாதத்தில் புல் கூப்பிட்டது, நாங்கள் ஓடினோம்" என்றார் மாமா. பெரும்பாலான தீக்குக் காரணம் அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டு என்பது அவருடைய அனுபவம்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சரிவின் மேற்குப் பக்கத்தைக் கைத்தடியால் காட்டினார். அங்கே மரங்கள் கூடி நிழலாக இருந்தது. "இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்துக்காக எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதெல்லாம் இந்தப் பக்கத்துக்குத்தான். எரியும், அணைப்போம். வேறு வேலையாகச் சில மாதம் கழித்து வந்து பார்ப்பேன். இதே ரெசாம் மறுபடி வந்திருக்கும். இடையில் முளைத்திருந்த கன்றுகள் போயிருக்கும். அடுத்த காய்ச்சலில் திரும்ப எரியும். நான் வேலையில் சேர்ந்தபோது இங்கே இருந்ததுதான் நான் ஓய்வு பெற்றபோதும் இருந்தது."

நான் பேசாமல் நின்றேன். மண்ணுக்கடியில் கிழங்குபோல் ஓடும் தண்டை வைத்துக்கொண்டு ரெசாமும் லாலாங்கும் தீக்குப் பிறகு முதலில் எழுந்துவிடும் என்று படித்திருந்தேன். வருடக்கணக்காக ஒரே சரிவைப் பார்த்து, எது எரிந்தது, எது எரியவில்லை, எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று நினைவில் வைத்திருக்கும் ஒருவர் என் குடும்பத்திலேயே இருந்திருக்கிறார். பொங்கலன்று அவர் சொன்ன வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கியது. தன் சரிவைப் பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்தத் தீவில் தீ இயற்கையின் பகுதியே அல்ல. இங்குள்ள எந்த விதையும் சூட்டுக்காகக் காத்திருக்கவில்லை. இங்கே தீ செய்வது ஒன்றே ஒன்று: பெலுக்கார் வளர்ந்து காடாவதைத் தடுத்து, நிலத்தைப் பெரணியிலும் புல்லிலும் கட்டிப்போடுவது.

அதே வாக்கியத்தைக் கலிபோர்னியாவுக்கு எடுத்துப் போகும்போதுதான் சிக்கல். இந்தச் சரிவின் கதையை வைத்து அந்தச் சரிவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இடைவெளி

ஃபின்போஸுக்குத் தீ வேண்டும். தீயே வராமல் முப்பது நாற்பது ஆண்டுகள் போனால், பல புதர்கள் கிழடாகிச் சேமித்த விதையோடு செத்துப்போகும். ஆறு ஆண்டுக்குள் இரண்டு தீ வந்தாலும் ஆபத்து. முதல் தீக்குப் பின் முளைத்த செடிகள் பூத்து விதை சேர்ப்பதற்குள் எரிந்துபோகும். பத்து முதல் இருபது ஆண்டுக்கு ஒருமுறை என்பது அந்த நிலத்தின் நாடித்துடிப்பு. சாப்பரலுக்கு இடைவெளி இன்னும் நீளம், முப்பது ஆண்டுக்குக் குறையக் கூடாது. அடிக்கடி எரிந்தால் அயல் நாட்டு ஒருபருவப் புல் புகுந்துவிடும். அந்தப் புல் சீக்கிரம் காயும், எளிதில் பற்றும், மேலும் தீயைக் கூட்டும். இன்று தென் கலிபோர்னியாவின் துயரம் தீக்குறைவு இல்லை. மின்கம்பியும் மனிதக் கையும் மூட்டுகிற தீயின் மிகுதி. அங்கே புதரை வழித்துவிட்டால் அந்த இடத்தில் பாதுகாப்பு வராது, புல் வரும்.

தீ இயற்கையானது, எரியட்டும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2013 ஜூன் 21 அன்று புகைமூட்டத்தால் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டது நமக்கு நினைவிருக்கிறது. 2015இல் பள்ளிகளை மூடினோம். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்தது ஈரத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டிய சதுப்புக் கரிமண். வாய்க்கால் வெட்டி வடித்த பிறகுதான் அது தீப்பிடிக்கும் நிலமாயிற்று. அந்தத் தீக்கு எந்த விதையும் முளைத்து நன்றி சொல்லாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் சிக்கி இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு தீயின் அழகைப் பற்றி எளிதாகப் பேச என்னால் முடியவில்லை. ஒவ்வொரு நிலமும் எவ்வளவு தீ தாங்கும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தாங்கும் என்பது அந்தந்த நிலத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. புதர் என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்து, வேண்டாதது என்று ஒதுக்கிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் குவாங்கன் புதர்வெளியில் பூந்தேனும் மகரந்தமும் மட்டுமே உண்டு வாழும் தேன்பொஸம் என்ற பத்து கிராம் விலங்குக்கு எரிந்து பல்லாண்டுகள் ஆன அடர்ந்த புதர் வேண்டும். பக்கத்திலேயே நிற்கும் புல்மரங்கள் கூட்டமாகப் பூக்க அண்மைத் தீ வேண்டும். இரண்டையும் காப்பாற்ற வேண்டுமென்றால் நிலத்தில் பழைய புதரும் புதிய புதரும் துண்டு துண்டாகக் கலந்து இருக்க வேண்டும். ஐரோப்பியர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே எங்கே, எப்போது, எவ்வளவு எரிப்பது என்று பார்த்துப் பார்த்து அந்த நிலத்தில் தீ வைத்தவர்கள் அங்குள்ள பழங்குடிகளான நூங்கர் மக்கள். வெட்டி எறி என்று சொன்னவர்கள் பின்னால் வந்தவர்கள்.

கெண்ட் ரிட்ஜில் தீயை அணைப்பதே சரி. அதில் மாமாவோடு எனக்கு வேறுபாடு இல்லை. அணைத்த பிறகு என்ன என்பதில்தான் நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். 2030-க்குள் பத்து லட்சம் மரங்கள் என்று தேசியப் பூங்காக் கழகம் 2020 முதல் நட்டுக்கொண்டிருக்கிறது, நல்ல வேலை. மாமாவின் ஆசை அந்தச் சரிவு முழுவதும் மரமாக வேண்டும் என்பது. நிழல் விழுந்தால் ரெசாம் தானே ஒடுங்கும், தீயும் நிற்கும் என்கிறார். ரெசாம் மட்டும் மூடிய பகுதிக்கு நானும் அதையே சொல்வேன். செண்டுடோக்கும் தியுப்-தியுப்பும் தவிட்டுப்பழமும் நெபந்தஸும் நிற்கும் முகட்டுப் பகுதியை விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. நூறு ஆண்டுக்கு மேல் யாரும் உரம் போடாமல், யாரும் நடாமல், செத்த மண்ணில் தானே எழுந்து வந்த கூட்டம் அது. வௌவாலும் கருவண்டும் கொண்டைக்குருவியும் செம்போத்தும் அதை நம்பி இருக்கின்றன. அழிந்துவரும் வைக்கோல்தலைக் கொண்டைக்குருவிக்கு உலகில் மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் ஒன்று சிங்கப்பூர். அது விரும்பித் தங்குவதும் காட்டோரப் புதரில்தான். சீராக வெட்டிய புல்தரையும் வரிசையாக நட்ட மரமும் இந்த ஊரில் எங்கும் கிடைக்கும். இது எங்கும் கிடைக்காது.

"நீ விட்டு வைக்கச் சொல்லும் இடத்தில் தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று மாமா கேட்கிறார். நியாயமான கேள்வி. ரெசாமும் லாலாங்கும்தான் எளிதில் பற்றுபவை. சிகரெட் எறிபவர்கள் பாதையில்தான் நடக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பிப்ரவரிக் காய்ச்சல் தொடங்குவதற்கு முன், பாதையின் இரு பக்கமும் சில அடி அகலத்துக்கு ரெசாமை அடியோடு அரிந்து அப்புறப்படுத்தினால் போதும், முகட்டைத் தொட வேண்டியதில்லை என்றேன். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, சில அடி போதாது, காற்றடித்தால் தாண்டிவிடும், குறைந்தது ஆளுயரத்தின் இரண்டு மடங்கு அகலம் வேண்டும் என்றார். அகலத்தைப் பற்றி அவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.